ஸ்டெப்னிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

1

இந்த வருடத்தோடு நாங்கள் கனடாவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மற்ற குடும்பங்கள் இதற்குக் கேக் வெட்டுவார்கள். நாங்கள் ஒரு மளிகைக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், தரையில் மல்லாந்து படுத்துக் கொண்டாடினோம். நாங்கள் என்றால் நான். மனைவி எஸ்தரும் மகள் ரூத்தும் நின்றுகொண்டு, வண்டிக்கு வெளியே தெரிந்த என் இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி ரூத்துடையது. அவளே சம்பாதித்து வாங்கிய பழைய பிக்கப். நம் ஊரில் குட்டியானை என்று கூப்பிடும் சின்ன லாரியை இருபது வருடம் பாலும் முட்டையும் கொடுத்து வளர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். முன்னால் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி, தொட்டிக்கு ஒரு பின்கதவு. அன்று டயர் பஞ்சர். மாற்று டயரான ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில் ஓர் இரும்புக் கயிற்றில் தொங்குகிறது. இங்கே குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பல வருடமாக உப்பைத் தின்ற கயிறு, உண்ட உப்புக்கு விசுவாசமாக, இறங்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது.

"என்னாங்க, வெளியே வாங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் எஸ்தர்.

"வந்துகினே இருக்கேன்" என்றேன். சட்டை எதிலோ மாட்டிக்கொண்டிருந்ததால் அது முழு உண்மை இல்லை.

ரூத் யாருக்கோ போன் செய்தாள். ஒருவர் வந்தார், கயிற்றை அறுத்தார், டயரை மாற்றினார், என்னையும் அவரே வெளியே இழுத்தார்.

இது நடந்து மூன்று வாரத்தில் ரூத் வேலைக்காக வடக்கே போக வேண்டும். மண்ணியல் படித்தவள். சுரங்கம் தோண்டலாமா என்று பார்க்க மண் எடுத்துச் சோதிக்கும் வேலை. எங்கள் வீட்டிலிருந்து பதினோரு மணி நேர ஓட்டம். பாதிக்குமேல் ஜல்லிச் சாலை. அந்தச் சாலையில் பஞ்சர் ஆனால், அவள் ஒருத்தி, சேற்றில் படுத்து, இறங்காத டயரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

"ஸ்டெப்னியைப் பின்கதவிலேயே மாட்டுகிற மாதிரி ஒரு கதவு செய்து தருகிறேன்" என்றேன்.

"வேணாம்பா. உதவிக்குக் கூப்பிட நம்பர் இருக்கு" என்றாள் ஆங்கிலத்தில். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருடமாக இதுதான் உடன்படிக்கை.

அவளுக்கு அந்தக் கதவு தேவையோ இல்லையோ, எனக்குத் தேவை. இருபத்துமூன்று வயது மகளுக்கு அப்பாவால் ஆகவேண்டிய வேலை என்று இனி எதுவும் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வி, அன்று வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் எனக்கு வந்தது. முகத்துக்கு நேரே துருப்பிடித்த டயரைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன யோசிக்க முடியும்?

2

கதவு விஷயத்தில் நான் கத்துக்குட்டி இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கடந்த பதினாறு வருடமாகச் சமையலறை அலமாரி செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுபவனாக இருக்கிறேன். ஒரு நாளில் முப்பது கதவாவது வரைவேன். வாடிக்கையாளரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, "கீல் இடது பக்கமா, வலது பக்கமா?" என்பதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிரிக்க உதவும். எனக்கு உதவவில்லை.

அதற்கும் முன்னால், ஆரணியிலிருந்து களம்பூர் போகிற சாலையில், நண்பன் சம்பத்தின் அப்பா நடத்திய லாரி பாடி கட்டும் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு போய்ச் சேர்ந்தேன். முதல் வேலையாக, களம்பூர் ரைஸ் மில் லாரி ஒன்றுக்குப் பின்கதவு வரைந்து கொடுத்தேன். கதவு பிரமாதமாக வந்தது. லாரிதான் இரண்டு இன்ச் சின்னதாகப் போய்விட்டது. மில்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "லாரிய அகலம் பண்ணிக் குடுத்துருவீங்களா தம்பி?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அன்றிலிருந்து சம்பத்துக்கு நான் 'இன்ச்சு'.

பட்டறை இப்போது அவனுடையது. நாங்கள் இங்கே இரவுச் சாப்பாட்டை முடிக்கும்போது அவன் காலை டீயோடு பட்டறையைத் திறப்பான். வீடியோவில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்டெப்னிய பின்கதவுல மாட்டுவாங்களாடா இன்ச்சு? கதவு மூட்டை ஏத்த எறக்கடா. டயரு முப்பத்தஞ்சு கிலோ இருக்கும். கீழ்ப் பக்கம் கீல் வெச்ச கதவு அது. தெறந்தா தொபீர்னு காலு மேல வுழும்."

"அதனாலதான் பக்கவாட்டுல தொறக்கிற மாதிரி செய்யலாம்னு."

"பீரோ மாதிரியா?"

"பீரோ மாதிரிதான்."

கொஞ்ச நேரம் டீயைக் குடித்தான். பின்னால் யாரோ கட்டிங் மெஷின் போட்டார்கள். "ரெண்டு நிமிசம் நிறுத்துங்கடா, கனடா லைன்ல கீது" என்று கத்திவிட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தான். எனக்கு அப்போதே வேலை பாதி முடிந்த மாதிரி இருந்தது.

3

பத்து நாள் இப்படிப் போனது. நான் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவேன். அவன் அதைப் பார்க்காமலே தரையில் வரைந்து காட்டுவான். அவனுடையதுதான் சரியாக இருக்கும்.

சட்டத்துக்கு நாலு பக்கமும் சதுரக் குழாய். நடுவில் டயரைப் பிடிக்க மூன்று போல்ட். பக்கவாட்டில் மேலும் கீழும் லாரிக் கீல், கட்டைவிரல் தடிமனில் பின். டயர் கனத்தில் கதவு தொங்கிவிடாமல் இருக்க, பூட்டுகிற பக்கம் கதவு வந்து உட்கார ஒரு சாய்வான தாங்கி. இந்தத் தாங்கி முழுக்க சம்பத்தின் மூளை. நான் அதை மூன்று விதமாக வரைந்து மூன்றும் தப்பு.

"கீலு எந்தப் பக்கம்டா?" என்று ஒருநாள் கேட்டான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வண்டி சாலையோரம் நிற்கிறது. நான் அதன் பின்னால் நிற்கிறேன். "வலது பக்கம்" என்றேன்.

"அதான் நானும் சொல்றேன்" என்றான் சம்பத்.

கடைசி நாள் இன்னொன்றும் சொன்னான். "ஊர் பேரு போடுடா. ஊர் பேரு இல்லாத வண்டியில எவனாவது போவானா?" எனக்கும் சபலம் தட்டியது. கதவின் தகட்டில், டயருக்கு மேலே, 'ஆரணி' என்று எழுத்து வடிவில் ஓட்டை வெட்டச் சொல்லி வரைபடத்தில் சேர்த்தேன். ரூத்திடம் சொல்லவில்லை.

டயர் மாட்டும் போல்ட் வாங்க இங்கே ஒரு கடைக்குப் போனேன். "ஸ்டெப்னிக்கு வேண்டும்" என்றேன். கடைக்காரர் அக்கறையாகக் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை பார்க்கவில்லையே என்றார். நமக்கு நூறு வருட ஆங்கில வார்த்தை, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே தெரியவில்லை. இருபது வருடத்தில் இப்படி எத்தனை தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

4

அலுவலகங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் வெளிநாட்டுக் குறிப்பு முழுமை பெறாது.

வண்டிப் பதிவு செய்யும் இடத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். 'மாற்றத்தின் வகை' என்று ஒரு கட்டம். இன்ஜினா, உயரமா, சக்கரமா, மற்றவையா? நான் 'மற்றவை'யில் டிக் அடித்து, விவரம் என்ற இடத்தில் கதவின் வரலாற்றை எழுதத் தொடங்கினேன். ஓரத்தில் எழுதி, பின்பக்கம் திருப்பி எழுதி, தாங்கியின் படமும் போட்டேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "ஐயா, நீங்கள் ஒரு கதவை மாற்றப் போகிறீர்கள். சரிதானே?"

"ஆமாம்."

"'கதவு' என்று எழுதினால் போதும்." என் ஒன்றரைப் பக்கத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, 'கதவு' என்று எழுதினார். நம்பர் பலகை மறையாமல் தெரியுமா, அதற்கு விளக்கு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "எந்தப் பக்கம் திறக்கும்?" என்றார், பேச்சுவாக்கில்.

"கீல் வலது பக்கம்" என்றேன் கம்பீரமாக. என்னை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் முத்திரை குத்தினார்.

இன்சூரன்ஸ்காரர் போனில் அதையே கேட்டார். அதையே சொன்னேன். கதவை வெல்டிங் செய்த ரான் என்பவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம்தானா? நிச்சயமாக?" என்று இரண்டு தடவை கேட்டார். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன். "நான் பதினாறு வருடமாகக் கீல் வரைகிறவன்" என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

5

ரூத் கிளம்புவது ஞாயிறு காலை. வெள்ளிக்கிழமை மதியம் கதவு வந்து மாட்டியாகிவிட்டது. வீட்டு முன்னால் சாலையோரம் வண்டியை நிறுத்தி, எஸ்தரையும் கூப்பிட்டு, "திற பார்க்கலாம்" என்று ரூத்திடம் சொன்னேன்.

எழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். விரலால் தடவினாள். "ஆ... ர... இதென்ன, 'ண'வா? ஆரணி!" என்று கூட்டிப் படித்துச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் அகலமாகிவிட்டது. பூட்டை நீக்கி இழுத்தாள். முப்பத்தைந்து கிலோ டயரைச் சுமந்துகொண்டு கதவு சத்தமே இல்லாமல் மிதந்து வந்து நின்றது.

அப்படி நின்றபோது ரூத் சாலையில் இருந்தாள். ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு அவளை ஒட்டிப் போனது. அவள் வண்டியோடு ஒட்டி நின்றாள்.

"அப்பா, இப்ப நான் எங்க நிக்கணும்?"

நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் வண்டியின் தொட்டிக்கும் நடுவில் கதவு சுவர் மாதிரி நின்றது.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் வண்டிகள் இடது ஓரமாக நிற்கும். நாம் இடது பக்கம் இறங்கி நிற்போம். வலது பக்கம் கீல் வைத்தால், திறந்த கதவு சாலைப் பக்கமாக நின்று வருகிற போகிற வண்டிகளிலிருந்து நம்மைக் காக்கும். அருமையான ஏற்பாடு. கனடாவில் வண்டிகள் வலது ஓரமாக நிற்கும். இங்கே என் கதவு, ஆளைச் சாலைக்குத் தள்ளிவிட்டு, புல்தரையைப் பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது.

இருபது வருடமாக இந்தச் சாலையில்தான் ஓட்டுகிறேன். ஒருநாளும் தப்பான பக்கம் போனதில்லை. ஆனால் கண்ணை மூடி ஒரு வண்டியை நிறுத்தச் சொன்னால், அதைக் களம்பூர் சாலையில்தான் நிறுத்தியிருக்கிறேன். சம்பத்தும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறான்.

"மூணு பேரு கேட்டாங்கன்னு நேத்துதானே பெருமையா சொல்லிகினு இருந்தீங்க?" என்றாள் எஸ்தர்.

ஜல்லிச் சாலையில் மரம் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் போய் அவள் நின்று டயர் கழற்றுவதை நினைத்தேன். "இது வேண்டாம். பழைய கதவையே மாட்டிவிடலாம். டயரைத் தொட்டியில் போட்டுக் கட்டிக்கொள்" என்றேன்.

"சரிப்பா" என்றாள் ரூத். உடனே, அன்பாக. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "பாவம், நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்று தோளைத் தட்டிவிட்டுத் துணி அடுக்க உள்ளே போய்விட்டாள். சின்ன வயதில் அவள் மண் பொம்மை செய்துகொண்டு வந்து காட்டியபோது நான் அவளுக்குச் சொன்னதும் அதே வார்த்தைதான், அதே தட்டுதான்.

6

சனிக்கிழமை காலை சம்பத்துக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். அவன் நன்றாக, நிதானமாகச் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். நடுவில் ஒருமுறை போனைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறையில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்து மறுபடி சிரித்தான்.

"ரெண்டு இன்ச்சு தப்பு பண்ணவன் இப்ப ஒரு பக்கமே தப்பு பண்ட்ட. முன்னேற்றம்டா."

"கழட்டிப் போட்டுறலாம்னு இருக்கேன்."

"ஏன்டா பேஜார் பண்ற? கீலு வெல்டிங்கா, போல்ட்டா?"

"போல்ட்டு."

"டயரு நடு மத்தியிலதானே? அப்ப கதவ அப்படியே தலகீழா திருப்பு. வலது கீலு இடது பக்கம் வந்துரும். பின்ன உருவி மேல இருந்து போட்டா முடிஞ்சுது. தாங்கி இடம் மாத்தணும், பம்பர்ல நாலு ஓட்ட போடணும். அவ்ளோதான்."

பதினாறு வருடமாகக் கதவு வரைகிறவன், ஸ்பானர் தேடிப் போனேன்.

கதவு ஒரு ஆள் தூக்கும் கனமில்லை. ரூத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. போனைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தோம்.

"மாமா, நான் ரூத். எனக்கு டமில் கொஞ்சம்தான் தெரியும்."

"எனக்கு இங்கிலீசு கொஞ்சம்தாம்மா. ஒரு கதவுக்கு ரெண்டு கொஞ்சம் போதும். பின்ன உருவு."

"உருவுன்னா?"

"புல்லு, புல்லு. மேல் பக்கமா. ஹாங். உங்கப்பனத் தள்ளி நிக்கச் சொல்லு, போட்டு ஒடச்சிருவான்."

தள்ளி நின்றேன். பத்து நிமிடத்தில் நான் தேவையே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் ஸ்பானர், புல்லு, லூசு, டைட்டு என்று ஒரு புது பாஷையில் பேசிக்கொண்டார்கள். ஓட்டை போடுகிற மெஷினைப் பிடித்துக்கொள்வதும், கனத்தைத் தாங்குவதும் என் வேலை. கதவைத் திருப்பித் தூக்கியபோது, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எடை சரிபாதி இல்லை, அவள் பக்கம்தான் அதிகம். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ரூத் நடைபாதையில் நின்று பூட்டைத் திறந்தாள். கதவு சாலைப் பக்கமாகப் போய்ச் சுவர் மாதிரி நின்றது. எல்லாம் சரி. 'ஆரணி' மட்டும் டயருக்குக் கீழே, தலைகீழாக.

"தகட்டை வேணா மாத்தித் தரேன்" என்றேன்.

"வேணாம்பா, இருக்கட்டும்." இந்த மாகாணத்தில் அது தலைகீழ் என்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள் குறைவு. அதில் மூன்று பேர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறோம்.

"ரோட்டுல எறக்கறதுக்கு முன்ன ஜெபம் பண்ணுங்கம்மா" என்றான் சம்பத் எஸ்தரிடம். "ஆனா எனக்காக நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சிருங்க. ஏசு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

எஸ்தர் ஜெபம் செய்தாள். ஜெபம் டயரில் ஆரம்பித்து நல்ல மாப்பிள்ளையில் முடிந்தது. எலுமிச்சம்பழத்தை யார் வாங்கி வந்தது என்று இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு காலை ரூத் கிளம்பியபோது நான்கும் நசுங்கின.

7

வீடு அமைதியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் எஸ்தர் இருக்கும்போது அது பொய்யாகிவிடும். ஞாயிறுதோறும் ரூத் போன் செய்வாள். நான் முதலில் கேட்பது, "டயர் எல்லாம் எப்படி இருக்கு?" அவள், "ஒன்றும் ஆகவில்லை" என்பாள். ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். கொஞ்சம் குறைவாக.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை மாலை, சம்பத்திடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"டேய் இன்ச்சு. உம்பொண்ணு பேசினாடா. டயரு பஞ்சராயிடுச்சாம். பூட்டுல புழுதி பூந்து தெறக்கல. வீடியோ போட்டா. 'மாமா, பூட்டு டைட்டு, இன்னா பண்ணட்டும்'ங்கறா. இன்னா பண்ணட்டுமாம்! ஆரணிக்காரிடா. டீசல் கொஞ்சம் ஊத்தித் தட்டச் சொன்னேன், தெறந்துகிச்சு. அவளே மாத்திட்டா, காமணி நேரம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. நீ பயந்துகினு கார எடுத்துகினு கெளம்பிருவியாம். அதனால நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லல."

கூடவே ஒரு படம். போன் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கன்னத்தில் கரி, வாயெல்லாம் பல். கதவு சாலைப் பக்கம் திறந்திருக்கிறது. அவள் இந்தப் பக்கம், புல்மேல் நிற்கிறாள். பின்னால் ஒரு மர லாரி புழுதியோடு போய்க்கொண்டிருக்கிறது.

எஸ்தரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "உங்கள ஏங்க கூப்பிடல?" என்றாள் கடைசியில்.

"கூப்பிட்டிருந்தா நான் டீசல் ஊத்தச் சொல்லியிருக்க மாட்டேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா பாருன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அது உண்மைதான்" என்றாள். ஆறுதல் சொல்வதில் அவளுக்குப் பழக்கம் போதாது.

அந்த ஞாயிறு ரூத் வழக்கம்போலப் பேசினாள். மழை, சமையல், கூட வேலை செய்கிற ஒருத்தியின் நாய். டயரைப் பற்றி நான் கேட்கவில்லை. இருபது வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை. எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே வெடித்துவிடுவேனோ என்று.

வைக்கப் போகும்போது, "அப்பா" என்றாள். அப்புறம், உடன்படிக்கையை மீறி, தமிழில் தொடர்ந்தாள். "வண்டி பின்னால மண் சாம்பிள் டப்பா வெக்க ஒரு பொட்டி வேணும். ஆடாம இருக்கணும். நீ வரைஞ்சு தர்றியா?"

"தர்றேம்மா." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பென்சில் இல்லாததால் எஸ்தரின் மளிகைச் சீட்டையும் பேனாவையும் இழுத்துக்கொண்டேன். "எத்தனை டப்பா? என்ன உயரம்? கதவு எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிறாள் என்பது பதினோரு மணி நேரத் தூரத்திலும் தெரிந்தது.

"கதவு இல்லாமப்பா" என்றாள். "கதவு இல்லாம ஒண்ணு பண்ணு."